தூத்துக்குடித் துறையும் சிதம்பரனாரும்

பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் அருவியாய் இறங்கி, அம்பாசமுத்திரத்தைக் கடந்து நம் முக்கூடலைத் தழுவிச் செல்லும் பொருநை, கிழக்கே புன்னைக்காயல் அருகில் கடலோடு கலக்கின்றது. ஆற்றின் கரையில் வாழும் நாம் வயலையும் வாய்க்காலையும் நினைக்கும் அளவிற்கு, அது சென்று சேரும் கடலை நினைப்பதில்லை. ஆனால் இந்த ஆற்றின் வாயிலில்தான் பாண்டியர் காலத்துக் கொற்கை இருந்தது. முத்துக்கும் சங்குக்கும் பெயர் பெற்ற அத்துறை, ஆறு கொணர்ந்த மணலாலேயே தூர்ந்து, கடல் விலகிப்போக, உள்நாட்டுச் சிற்றூராயிற்று. அதன்பின் காயல் துறையாயிற்று. அதுவும் தளர்ந்தபோது சற்று வடக்கே தூத்துக்குடி தலையெடுத்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரும், 1658இல் ஒல்லாந்தரும், இறுதியாக 1825இல் ஆங்கிலேயரும் அதனைத் தம் கைப்படுத்தினர். துறைகள் இடம் மாறின. துறைக்கு உடையவர்களும் மாறினர். சரக்கை விளைவித்தவனும், அதைத் தலைச்சுமையாய்த் தோணியில் ஏற்றியவனும் மட்டும் இந்த மண்ணின் மக்களாகவே இருந்து வந்தனர். அவர்கள் ஏற்றிய சரக்கு அவர்களுடைய கப்பலிலேயே செல்ல வேண்டும் என்று எண்ணிய ஒருவரின் வாழ்க்கையை, நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் நினைத்துப் பார்ப்பது பொருத்தமே ஆகும்.

வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் கல்வி கற்றுத் திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று, தந்தையின் தொழிலையே மகனும் மேற்கொண்டார். ஏழைகளின் வழக்குகளைப் பொருள் பெறாமல் நடத்தியதும், காவல் துறையினரின் பொய் வழக்குகளைத் தகர்த்ததும் அவருக்கு நற்பெயரையும் பகையையும் ஒருங்கே தேடித் தந்தன. 1900ஆம் ஆண்டில் அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். இம்மாற்றமே அவர் வாழ்வின் திருப்பம் எனலாம். உள்ளூரில் வழக்காடிக்கொண்டிருந்தவர் இப்போது நாள்தோறும் துறைமுகத்தைக் கண்டார்.

அன்றைய தூத்துக்குடியைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். 1876இல் இருப்புப்பாதை வந்து சேர்ந்தபின், தென்பாண்டிச் சீமையின் விளைபொருள் யாவும் அந்நகருக்கே சென்றன. கரிசல் நிலத்துப் பருத்தியும், தேரிக்காட்டுக் கருப்புக்கட்டியும் பனந்தும்பும், நிலாவிரை இலையும் அங்கே குவிந்தன. கொழும்புக்குச் செல்வோரும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ப் போவோரும் அங்கேதான் கப்பலேறினர். சென்னையிலிருந்து வரும் புகைவண்டியும் கொழும்புக் கப்பலும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்ற காலம் அது. துறைமுகம் என்றால் இன்றுபோல் மேடையில் கப்பல் வந்து ஒட்டி நிற்கும் துறைமுகம் அன்று. கரையோரம் ஆழம் குறைவு. ஆதலால் நீராவிக் கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். தோணிகளே மூட்டைகளையும் மனிதர்களையும் சுமந்து சென்று கப்பலில் சேர்க்கும். கடல் கொந்தளிக்கும் நாளில் அந்தத் தோணிப் பயணமே கொழும்புப் பயணத்தினும் கொடிதாயிருக்கும்.

இத்தனை வணிகமும் ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி என்னும் அப்பெரு நிறுவனம் இந்துமாக்கடல் முழுவதும் கப்பல் விட்டு வந்தது. தூத்துக்குடியில் அதன் ஏஜெண்டுகள் ஏ அண்டு எஃப் ஹார்வி கம்பெனியார். இந்த ஹார்வியார் நமக்கு அயலார் அல்லர். நம் ஊருக்கு மேற்கே பாபநாசத்தில் பொருநையின் வீழ்ச்சியைக் கொண்டு சக்கரம் சுழற்றி நூற்பாலை நடத்தியவர்களும் அவர்களே. தூத்துக்குடியில் கோரல் மில்லை நடத்தியவர்களும் அவர்களே. மலையில் ஆற்று நீரும், கரிசலில் பருத்தியும், கடலில் கப்பலும் ஒரே கைக்குள் அடங்கியிருந்தன. விளைவித்தவன் விலையைத் தீர்மானிக்க முடியாது. அனுப்புபவன் கட்டணத்தைத் தீர்மானிக்க முடியாது. சிதம்பரனாரின் பிற்காலச் செயல்கள் யாவற்றையும் விளங்கிக்கொள்ள இந்த ஒரு செய்தி திறவுகோலாகும். கப்பல் விட்டவர் ஏன் ஆலைத் தொழிலாளருக்காகப் போராடினார் என்று வியப்போர் உளர். அவர் எதிர்த்து நின்ற இடம் இரண்டிலும் ஒன்றுதான்.

சென்னையில் இராமகிருஷ்ண மடத்து இராமகிருஷ்ணானந்தரைச் சந்தித்தபோது சுதேசியம் என்னும் வித்து அவர் உள்ளத்தில் விழுந்தது. 1905இல் வங்காளம் பிரிக்கப்பட்டதும் நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பு அவ்வித்துக்கு நீராயிற்று. நெசவுச்சாலை, பண்டகசாலை எனத் தூத்துக்குடியில் அவர் சில அமைப்புகளைத் தோற்றுவித்தார். அன்னியத் துணியைக் கொளுத்துவது எளிது. அத்துணி வரும் வழியையே மாற்றுவது அரிது. அரியதில் இறங்கத் துணிந்தார்.

1906 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் சட்டப்படி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 25 ரூபாய் அன்று சிறு தொகை அன்று. ஆயினும் நடுத்தரக் குடும்பத்தவர் ஒருவர் முயன்றால் சேர்க்கக்கூடிய தொகை. பெருஞ்செல்வர் நால்வரிடம் கையேந்தி முடித்திருக்கக் கூடியதை ஊர் ஊராய்ச் சென்று பலரிடம் பங்காய்த் திரட்டியதில்தான் அவருடைய கருத்து விளங்குகிறது. ஆசிய நாட்டவரே பங்குதாரர் ஆகலாம் என்பது விதி. ஹாஜி முகம்மது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் அளித்துச் செயலாளராய் அமர்ந்தார். சிதம்பரனார் துணைச் செயலாளர். தலைவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவிய அதே பெருமகனார்தான் இவர். ஏடு தேடிய கையும் கப்பல் தேடிய கையும் ஒன்றாயிருந்த காலத்தை எண்ணும்போது, இலக்கியம் வளர்க்க வந்தோர்க்கு வணிகம் எதற்கு என்று இன்று கேட்கப்படும் கேள்வி பொருளற்றதாகிவிடுகிறது.

சங்கத்தின் நோக்கங்களை இங்கே குறிப்பிட வேண்டும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடுவது ஒன்று. அத்தோடு அமையாது, நம்மவர்க்குக் கப்பல் செலுத்தும் தொழிலையும் கட்டும் தொழிலையும் பயிற்றுவதும், கப்பல்களைக் கட்டவும் பழுது பார்க்கவும் தளங்கள் அமைப்பதும் நோக்கங்களாய் எழுதப்பட்டன. கையில் ஒரு கப்பலும் இல்லாத காலத்தில் கப்பல் கட்டும் தளத்தைப் பற்றிச் சிந்தித்தவரைக் கனவு காண்பவர் என்று சிலர் நகைத்திருக்கக் கூடும். ஆனால் கப்பலைப் பிறரிடமிருந்து பெறுபவன் பிறர் நினைத்தபோது கப்பலற்றவனாகிவிடுவான் என்பதை அவர் விரைவிலேயே நேரில் கண்டார்.

தொடக்கத்தில் பம்பாயிலிருந்த ஷா லைன் என்னும் கம்பெனியின் கப்பல்களைக் குத்தகைக்குப் பெற்றுச் சங்கம் நடைபெற்றது. கூட்டம் சுதேசிக் கப்பலை நாடியது கண்டு பிரிட்டிஷ் கம்பெனியார் ஷா லைன்காரருக்கு நெருக்கடி தந்தனர். குத்தகைக் கப்பல்கள் திரும்பப் பெறப்பட்டன. ஏற்றுக்கொண்ட சரக்கு கிடக்கிறது, பயணிகள் காத்திருக்கிறார்கள், கப்பல் இல்லை. உடனே கொழும்பு சென்று பெரிய கப்பல் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி வந்தார் சிதம்பரனார். இவ்வாறு எத்தனை நாள் காலந்தள்ள முடியும்? சொந்தக் கப்பல் வாங்கியே தீருவது என்று பம்பாய் புறப்பட்டார். மகன் நோயுற்றுக் கிடந்தான். மனைவி மீனாட்சி அம்மையார் கருவுற்றிருந்தார். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து மாய்வேன் என்று அவர் உறுதி பூண்டு சென்றார் என்பர். 1907 மே மாதம் காலியா, லாவோ என்னும் இரண்டு நீராவிக் கப்பல்கள் தூத்துக்குடிக் கடலில் வந்து நின்றன. காலியாவில் 1,300 சாதாரணப் பயணிகளும் 4,000 மூட்டைகளும் செல்ல இடமிருந்தது.

இதன்பின் நடந்த கட்டணப் போட்டி நம் நாட்டார் பலரும் அறிந்ததே. பிரிட்டிஷ் கம்பெனி ஒரு ரூபாயாகக் குறைத்தால் சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது என்றும், இறுதியில் வெள்ளையர் கம்பெனி இலவசமாய் ஏற்றிச் சென்று குடையும் கொடுத்தது என்றும் சொல்லப்படுகிறது. குடையின் கதையைச் சுவைக்காகச் சொல்லும் நாம், அதன் கணக்கை எண்ணுவதில்லை. நூற்றுக்கணக்கான கப்பல் வழிகளில் ஈட்டும் பெருங்கம்பெனி ஒரு சிறு வழியில் ஆண்டுக்கணக்காய் நட்டப்படலாம். இரண்டே கப்பல்கள் வைத்திருப்பவர் ஒரு பருவம்கூட நட்டப்பட முடியாது. 1893இல் ஜாம்ஷெட்ஜி டாடா தூரகிழக்கு நாடுகளுக்குக் கப்பல் விட முயன்றபோது இதே முறையால்தான் வீழ்த்தப்பட்டார். டாடாவுக்குப் பொருள் வளம் இருந்தது. சிதம்பரனாருக்கு மக்கள் வளம் இருந்தது. கட்டணமின்றி அழைத்தாலும் போகாமல், காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர் இருந்தனர் என்பதே இச்சங்கத்தின் உண்மையான முதல். அம்முதலை அரசாங்கம் பறிமுதல் செய்தாலன்றிக் கம்பெனியால் அழிக்க இயலாது.

1908ஆம் ஆண்டு பிறந்தது. சுப்பிரமணிய சிவா தூத்துக்குடி வந்து சேர்ந்தார். சிதம்பரனாரின் நிதானமும் சிவாவின் கனலும் கூடியபோது கடற்கரைக் கூட்டங்களுக்கு மக்கள் திரண்டனர். பிப்ரவரி 27ஆம் நாள் கோரல் மில் தொழிலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை நிறுத்தம் செய்தனர். ஓய்வில்லாத நீண்ட வேலை, வார விடுமுறையின்மை, குறைந்த கூலி என்பன அவர்தம் குறைகள். தூத்துக்குடி நகரமே அவர்களைத் தாங்கிற்று; ஆலைக்காரர் பக்கம் நின்றோர்க்கு நாவிதரும் வண்ணாரும் தொழில் செய்ய மறுத்தனர். மார்ச் 6ஆம் நாள் கூலி உயர்வோடும் விடுமுறையோடும் வேலை நிறுத்தம் வெற்றியில் முடிந்தது. தொழிற்சங்கச் சட்டம் வருவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முந்திய நிகழ்ச்சி இது. ஹார்வியார் கடலில் கண்ட எதிரியை ஆலை வாயிலிலும் கண்டனர். அரசாங்கமும் கண்டது.

விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட மார்ச் 9ஆம் நாள் நடந்த விழாவைக் காரணமாக்கிக் கலெக்டர் விஞ்ச் நடவடிக்கையில் இறங்கினார். மாவட்டத்தை விட்டு வெளியேறச் சம்மதிக்காத சிதம்பரனாரும் சிவாவும் 12ஆம் நாள் கைது செய்யப்பட்டுப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி எரிந்தது. பொருநைக் கரையில் தைப்பூச மண்டபத்தருகே அவர்களின் சொற்பொழிவைக் கேட்டிருந்த மக்கள் நகராட்சி அலுவலகத்துக்கும் அஞ்சல் நிலையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தீயிட்டனர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தண்டக் காவல் படை நிறுத்தப்பட்டு அதன் செலவும் ஊரார் தலையில் வைக்கப்பட்டது. வன்முறையை நாம் போற்றுவதற்கில்லை. எனினும் ஒரு வழக்கறிஞர் சிறைப்பட்டதற்காக ஒரு நகரம் இவ்வாறு கொதித்தது இந்தியாவில் அதற்கு முன் அரிதாகவே நிகழ்ந்திருக்கிறது.

1908 ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே வழங்கிய தீர்ப்பு, அரச நிந்தனைக்கு ஓர் ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உடந்தையாய் இருந்ததற்கு மற்றோர் ஆயுள் தண்டனை என இரட்டை ஆயுள் தண்டனையாக அமைந்தது. நாற்பது ஆண்டுகள்! அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. உயர்நீதிமன்றம் பின்னர் இதை ஆறாண்டாகக் குறைத்தது. கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் உழன்றதும், கோவையில் மாட்டுக்குப் பதிலாய்ச் செக்கிழுத்ததும் நெஞ்சை உருக்குவன. 1961இல் வந்த திரைப்படத்தால் செக்குக் காட்சி ஒவ்வொரு தமிழர் மனத்திலும் பதிந்துவிட்டது. அச்செக்கு இன்றும் சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் உள்ளது. அதைக் கண்டு கண்ணீர் விடுவது முறையே. ஆயினும் செக்கு அவருக்குப் பகைவர் கொடுத்தது. கப்பல் அவரே நமக்குக் கொடுத்தது. பின்னதையன்றோ நாம் மிகுதியாய்ப் பேச வேண்டும்?

அவர் சிறையிலிருக்கும்போதே சங்கம் தளர்ந்தது. அரசின் கோபத்துக்கு அஞ்சிய பங்குதாரர்கள் பின்வாங்கினர். துறைமுக அலுவலர் முதல் மாவட்ட அதிகாரிகள் வரை பிரிட்டிஷ் கம்பெனியின் பக்கமே சாய்ந்திருந்தனர். நாள்தோறும் நேரில் நின்று நடத்த வேண்டிய தொழில் அது; நடத்த வல்லவர் கல் உடைத்துக்கொண்டிருந்தார். 1911இல் சுதேசி நாவாய்ச் சங்கம் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷ், செங்கோட்டை வாஞ்சிநாதனால் சுடப்பட்டு இறந்தார். டிசம்பரில் பாண்டித்துரைத் தேவர் காலமானார். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் கொழும்புப் பயணிகளின் வழியே தனுஷ்கோடிக்கு மாறிற்று. சுதேசிச் சங்கம் அதுவரை நிலைத்திருந்தாலும் இன்னொரு கடும்புயலைச் சந்தித்திருக்கும் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர் தொடங்கியது பிறர் கையால் வேறிடத்தில் நிறைவேறிற்று. 1919 ஏப்ரல் 5ஆம் நாள் சிந்தியா கம்பெனியின் லாயல்டி என்னும் கப்பல் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளையே தேசியக் கடல்வாணிப நாளாக நாடு கொண்டாடுகின்றது. தவறில்லை, ஆனால் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடிக் கடலில் நின்ற காலியாவையும் அந்நாளில் ஒருமுறை சொல்லலாம். அவர் எழுதி வைத்த கப்பல் கட்டும் தளம் 1941இல் விசாகப்பட்டினத்தில் சிந்தியா கம்பெனியாராலேயே தொடங்கப்பெற்று, 1948இல் அங்கிருந்து ஜல உஷா கடலில் இறங்கியது. தூத்துக்குடியோ 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011இல் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 2023-24ஆம் ஆண்டில் அங்கே கையாளப்பட்ட சரக்கு நான்கு கோடி டன்னைத் தாண்டியது. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே மீண்டும் பயணிகள் கப்பல் விடப்பட்டபோது பலர் அவரை நினைத்து மகிழ்ந்தனர்; சில மாதங்களிலேயே அது நின்றுபோயிற்று.

1912 டிசம்பர் 24ஆம் நாள் சிறைக் கதவு திறந்தபோது, திருநெல்வேலியை எரியவைத்த கூட்டத்தில் பெரும்பகுதி அங்கு இல்லை. கப்பல் இல்லை, சங்கம் இல்லை, வழக்காடும் உரிமையும் பறிபோயிருந்தது. சென்னையில் குடும்பத்தோடு குடியேறிச் சிறு வணிகம் செய்து வாழ முயன்றார், வணிகம் கைகொடுக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய தொகை காந்தியடிகளின் கையில் இருந்தது. அது குறித்து இருவருக்கும் இடையே கடிதங்கள் பல சென்று, 1916இல்தான் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. பத்து இலட்சம் ரூபாய் மூலதனம் திரட்டியவர் அத்தொகைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார் என்பதை நினைக்கும்போது எழுதும் கை தயங்குகிறது. எனினும் அக்கடிதங்களில் அவர் தம் மதிப்பினின்று இறங்கவில்லை.

சிறை அவரிடமிருந்து பறிக்க இயலாதது தமிழ். கோவைச் சிறையிலேயே ஜேம்ஸ் ஆலனின் நூலைத் தமிழாக்கத் தொடங்கினார். மனம்போல வாழ்வு, அகமே புறம் முதலியன அவ்வகையில் வந்தவை. கண்ணனூரில் மெய்யறம் இயற்றினார். தம் வரலாற்றைச் செய்யுளில் எழுதினார். தொல்காப்பிய இளம்பூரணர் உரையை அச்சேற்றப் பாடுபட்டார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு அவர் எழுதிய உரை 1935இல் வெளிவந்தது. வறுமையில் வாடிய ஒருவர் நூல் பதிப்பித்தது வருவாய்க்காக அன்று என்பது சொல்லாமலே விளங்கும்.

வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் வழக்காடும் உரிமை மீண்டும் கிடைத்தது. நன்றி மறவாத அவர் தம் மகனொருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர் ஆங்கிலேயரை வெறுக்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஒத்துழையாமைத் திட்டத்தோடு உடன்பாடின்றி 1920இல் காங்கிரசை விட்டு விலகியதால் அரசியலில் அவர் தனித்து நின்றார். பாரதி 1921இலும் சிவா 1925இலும் மறைந்தனர். கோவில்பட்டியில் சில காலம் தொழில் நடத்தி, இறுதியில் தூத்துக்குடிக்கே திரும்பினார். வருவாய் மிகுதியாய் இல்லை. வந்ததையும் கேட்டவர்க்குக் கொடுத்தார்.

1936 நவம்பர் 18ஆம் நாள் இரவு, தம் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் நீத்தார். அறுபத்து நான்கு வயது. அவ்வாண்டில் அவர் எழுதுவித்த உயிலில், கடைகளுக்குத் தாம் தர வேண்டிய சிறு சிறு பாக்கிகள் ஒவ்வொன்றாய்க் குறிக்கப்பட்டிருந்தன.